குன்னூர் மலைப்பாதைக்கு போர்ஷே 918 ஸ்பைடரா, மெக்லாரன் பி1-ஆ?

மலைச்சக்கரம்:
துபாயில் இருக்கும் மாமா தன் சேகரிப்புக்கு இந்த இரண்டு ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த) கார்களில் ஒன்றைத் தேடுகிறார். கார் அங்கேதான் நிற்கும். ஒரு சீசனுக்கு கார்னெட்டில் (வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் ஆவணம்) இறக்கி மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி என்று ஓட்ட ஆசை. குதிரைத்திறன் கணக்கெல்லாம் எங்கேயும் கிடைக்குது. மலையில் எது எப்படி நடந்துக்கும், வாங்கும்போது எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பர்லியார்_வளைவு:
கார்னெட்தான் வழிங்க. பழைய காரை இறக்குமதி செய்யணும்னா மூணு வயசைத் தாண்டக் கூடாது, வலப்பக்க ஸ்டீயரிங் வேணும். இவை இரண்டும் 2013-15 தயாரிப்பு, இடப்பக்க ஸ்டீயரிங் மட்டுமே.

முதல்ல உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 918-இன் 4.6 லிட்டர் வி8 எஞ்சினுக்கு டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. சமவெளியில் தரும் 608 குதிரைத்திறன், மேலே வந்தா 490 பக்கம் இறங்கிடும். மின்மோட்டார்களுக்கு இந்தக் குறை இல்லை. பி1-இன் 3.8 லிட்டர் வி8-இல் இரண்டு டர்போ இருப்பதால் இழப்பு ரொம்பக் குறைவு.

ஆனா மழையும் மூடுபனியும் இருக்கும் கொண்டை ஊசி வளைவில் பலத்தைவிடப் பிடிமானம் முக்கியம். 918-இல் முன்சக்கரங்களை ஒரு மோட்டார் இழுக்குது, பின்சக்கரங்களும் திரும்புது. பி1 பின்சக்கர இழுவை மட்டும். என் ஓட்டு 918-க்கு. முன்பக்கத்தைத் தூக்கும் வசதி அதில் விருப்பத் தேர்வு. அது உள்ள காராகப் பாருங்க, நம்ம ஊர் வேகத்தடைக்கு அவசியம்.

கோடநாடு_மூடுபனி:
ஓட்ட மட்டும்னா சரி. சேகரிப்புன்னா நான் பி1 பக்கம். போர்ஷே மொத்தம் 918 கார் செய்தாங்க, பி1 375 தான். போர்ஷேதான் வேணும்னா வைசாக் பேக்கேஜ் (எடையைக் குறைக்கும் விருப்பத் தொகுப்பு) உள்ளதைத் தேடலாம், அதன் மெக்னீசியம் சக்கரங்களில் அரிப்பு இருக்கான்னு பாருங்க.

எதுவானாலும் உயர் அழுத்த பேட்டரியின் நிலை அறிக்கை இல்லாம முன்பணம் கொடுக்காதீங்க. மாதக்கணக்கில் சார்ஜரில் போடாம நிறுத்தின கார்ல செல்கள் அடிமட்டத்துக்கு இறங்கிச் செத்துடும். டயரில் நாலு இலக்கத் தேதி இருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ‘2514’ன்னா 2014-இன் 25-வது வாரம். பட்டை தேயலைன்னாலும் அந்த வயசு ரப்பர் ஈரத்தில் பிடிக்காது, மாத்தியே ஆகணும்.

பழைய பங்களாக்களில் எர்த் சரியா இருக்காது, சார்ஜர் ஏத்த மறுக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து முன்னாடியே அளந்துடுங்க.

மலைச்சக்கரம்:
நன்றிங்க. இறக்கத்தில் பிரேக் எப்படி?

பர்லியார்_வளைவு:
அங்கேதான் பெரிய வித்தியாசம். பி1 பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தை மீட்காது. பெடல் உணர்வு கெடக்கூடாதுன்னு அப்படி அமைச்சிருக்காங்க. அதனால கார்பன் செராமிக் டிஸ்க்கும் எஞ்சின் பிரேக்கிங்கும்தான் முழுச் சுமையையும் தாங்கணும். கீழ் கியரிலேயே இறங்குங்க.

918 மீட்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் 1,500 மீட்டர் இறக்கம்; காரோட எடைக்கு ஏறத்தாழ 7 கிலோவாட்-மணி ஆற்றல் வருது, பேட்டரியின் கொள்ளளவே 6.8 தான். உருளும் தடை, காற்று, மாற்றும் இழப்பு போக பாதி மிஞ்சலாம். அதனால ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்தி, நிறைஞ்ச பேட்டரியோட இறங்காதீங்க. வர்றதை வாங்கிக்க இடம் இருக்காது, அத்தனை வேலையும் டிஸ்க் தலையில விழும். பாதிக்குக் கீழ இருக்கும்போது கிளம்புங்க.

நீலகிரிக்குள்ள வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) மறக்காதீங்க. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் வெளியூர் வண்டியை விடமாட்டாங்க, அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.