குகை நீரில் வாழும் ரெமிபீடியா: தொன்மையான உயிரியா, பூச்சிகளின் உறவா?

கேள்வி:
வணக்கம். கிராண்ட் பஹாமா தீவின் லுகாயன் குகையில் 1979-இல் ஜில் யேகர் கண்டறிந்து, 1981-இல் ரெமிபீடியா என்ற தனி வகுப்பாக விவரித்த, கண்ணும் நிறமும் அற்ற ஓடுடைய கணுக்காலியைப் (நண்டு, இறால் சேர்ந்த குழுவைச் சார்ந்த உயிரியைப்) பற்றிப் படித்து வருகிறேன். தலைக்குப் பின் ஏறத்தாழ ஒரே மாதிரியான கண்டங்கள் (உடல் துண்டங்கள்) வரிசையாக நீள்வதாலும், கண்டத்துக்கு ஒரு சோடித் துடுப்புக்கால்கள் இருப்பதாலும், இது மிகத் தொன்மையானது என்கிறது ஒரு நூல். பூச்சிகளுக்கு மிக நெருங்கியது என்கிறது மற்றொன்று. எதை நம்புவது?

மறுமொழி 1:
முதல் கருத்து தோற்றத்தைக் கொண்டு சொல்லப்பட்டது. ஒரே அச்சில் வார்த்தது போன்ற கண்டங்கள் மூதாதையின் அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. (1955-இல் விவரிக்கப்பட்ட செபலோகாரிடா என்ற மற்றோர் ஓடுடைய கணுக்காலிக் குழுவுக்கும் ‘தொன்மையானது’ என்ற இதே பட்டத்தைச் சூட்டியிருந்தார்கள்.) ஆனால், 2004-இல் ரெமிபீடியாவைச் சேர்ந்த காட்சிலியோக்னோமஸ் என்ற பேரினத்தின் மூளையை ஆராய்ந்தபோது, மணத்தை உணரும் பகுதிகள் நன்கு வளர்ந்திருப்பதும், மூளையின் அமைப்பு நண்டு, இறால் வகைகளையும் பூச்சிகளையும் ஒத்திருப்பதும் தெரியவந்தன. உடல் எளியது என்பதால் விலங்கே எளியது என்று முடிவு கட்ட இயலாது. மெக்சிகோவின் யுகடான் குகைகளில் வாழும் ஒரு ரெமிபீடியா இனம் இரையை நஞ்சால் வீழ்த்துவது 2014-இல் விளக்கப்பட்டது. நஞ்சுடைய ஓடுடைய கணுக்காலியாக அறியப்பட்ட முதல் உயிரி அதுவே.

மறுமொழி 2:
மரபணுச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010-இல் வெளியான ஆய்வு 75 கணுக்காலி இனங்களின் 62 மரபணுக்களை ஒப்பிட்டு, ரெமிபீடியாவையும் செபலோகாரிடாவையும் ஒன்றாகப் பூச்சிகளின் அருகில் வைத்தது. பின்வந்த விரிவான ஆய்வுகளில் செபலோகாரிடா விலகிப்போக, ரெமிபீடியா மட்டும் அங்கே நிலைத்தது. அப்படியானால் ரெமிபீடியா மற்ற ஓடுடைய கணுக்காலிகளைவிடப் பூச்சிகளுக்கே நெருங்கியது; எனவே பூச்சிகளை விலக்கிவிட்டு ஓடுடைய கணுக்காலிகளை மட்டும் ஓர் இயற்கைக் குழுவாகப் பேச முடியாது.

மறுமொழி 3:
வாழிடத்திலும் இதே எச்சரிக்கை தேவை. மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் தங்கும் கரையோரக் குகைகளில்தான் இவை கிடைக்கின்றன. கரீபியன் பகுதியைத் தவிர, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டின் எரிமலைக் குழம்புக் குகையிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பண்டேராவிலும் உள்ளன. குகைகளே பழமையின் சான்று என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால், கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, இன்றைய பஹாமாஸ் குகைகளில் பல வறண்டுதான் கிடந்தன; ஆகவே இன்று குகையில் வாழ்வதைக் கொண்டு பழமையை முடிவு கட்ட இயலாது.

கேட்டவர்:
நன்றி. பாடக்குறிப்பில் ‘தொன்மையான விலங்கு’ என்பதை நீக்கிவிட்டு, ‘தொன்மையானதாகத் தோன்றும் கண்ட அமைப்பு’ என்று திருத்திக்கொள்கிறேன்.