இழை: "பச்சைத் தண்ணீர்" சரிவராது (உறை, பாசிநீர், திரிதல்)

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் பாறசாலை அண்ணன் கேட்டிருந்தது இது:

> உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்காக, வீட்டில் ஃபைட்டோபிளாங்க்டன் (கடல்நீரில் கலந்து வாழும் நுண்ணிய பாசி) வளர்ப்பது பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். அது அடர்ந்த நீரைக் குஞ்சு பொரிப்பகங்களில் 'கிரீன் வாட்டர்' என்கிறார்கள். 'பச்சைத் தண்ணீர்' என்று போட்டுவிடலாமா?

போடாதீர்கள் அண்ணா. குழித்துறைச் சந்தையில் பச்சைத் தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள். காய்ச்சாத வெறும் தண்ணீரைத்தான் நீட்டுவார்கள். உங்கள் கேரளப் பக்கம் பச்சவெள்ளம் என்றாலும் அதே கதைதானே? "தொட்டியில் தினமும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றவும்" என்று கையேட்டில் எழுதினால், யாராவது குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பவளத்தின் தலையில் ஊற்றிவிடுவார்கள். இன்னொரு நண்பர் சொன்ன "பசுநீர்" என்பதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "கோமியமா?" என்று அம்மா கேட்டார். "பைந்நீர்" இலக்கணப்படி சரி, ஆனால் மீன் கடைப் பையன் வாயில் நுழையாது.

> பாடப்புத்தகத்தில் 'தாவர மிதவை உயிரி' இருக்கிறதே, புதிதாக எதற்கு? (கருங்கல் டீச்சர்)

தேர்வுத்தாளுக்கு அது போதும் டீச்சர். எனக்கு அதில் இரண்டு சண்டை. நம்மைப் போன்றவர்கள் முதலில் வளர்ப்பது நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி. ஒவ்வொன்றும் இரண்டு முதல் நான்கு மைக்ரான். அதற்கு நீந்த வாலும் கிடையாது. காற்றுக்குழாய் நின்று இரண்டு நாள் ஆனால் பாட்டிலின் அடியில் பச்சைப் படலமாக இறங்கிவிடும். அதைக் கண்ணால் பார்த்தவனுக்கு "மிதவை" என்று எழுதக் கை வராது. 1887-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹென்சன் பிளாங்க்டன் என்று பெயர் வைத்தபோது எடுத்த கிரேக்கச் சொல்லுக்கும் மிதப்பது என்று பொருள் இல்லை. அலைவது, திரிவது என்றுதான் பொருள். நம்மிடம் கடல் அலையும் அலைதலும் ஒரே சொல்லில் இருக்கும்போது மிதவையை ஏன் பிடித்துக்கொண்டோமோ! இரண்டாவது சண்டை "தாவரம்" மீது. நானோகுளோராப்சிஸ் பச்சைப் பாசிகளின் வகுப்பிலேயே சேராது, செடிகொடிகளுக்குத் தூரத்து உறவு என்றுகூடச் சொல்ல முடியாது. பிளாங்க்டனில் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் உண்டு, அவற்றைத் தாவரம் என்று யார் சொல்வது?

சரி, இந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். உயிரிக்கு "நுண்பாசி" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, போதும். அது அடர்ந்து நிற்கும் நீருக்குப் "பாசிநீர்". பாசி என்றால் கிணற்றுப்படியில் வழுக்குவதுதானே, தொட்டிக்காரர்களுக்கு அது எதிரியல்லவா என்று அண்ணன் தயங்குகிறார். கண்ணாடியில் ஒட்டுவது எதிரி, நீரில் கலந்து நிற்பது தீனி. கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

உண்மையில் சொல் இல்லாமல் தவிப்பது வேலையில்தான். புதுப் பாட்டிலில் பாசி வளர்க்க முதலில் ஊற்றும் பழைய பாசிநீர்தான் ஸ்டார்ட்டர் கல்ச்சர். அதற்கு "தொடக்க வளர்ப்பு" என்று அண்ணன் போட்டிருக்கிறார். அலுவலகக் கோப்பு வாசம் அடிக்கிறது. அந்தச் செயலைப் பாருங்கள்: தேங்காய்ப்பட்டணத்தில் பிடித்த கடல்நீர். (ஆற்றுவாயை விட்டுத் தள்ளிப் போய்ப் பிடிக்க வேண்டும்; இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் நம் குழித்துறைத் தாமிரபரணி வந்து கலந்து உப்பு இறங்கிவிடும்.) அதைக் காய்ச்சி ஆறவைக்கிறோம், அல்லது பிளீச் விட்டு, பிறகு சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறிக்கிறோம். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.020 அளவில் வைத்து எஃப்/2 என்ற பாசி உரம் சேர்க்கிறோம். குய்லார்டும் ரைதரும் 1962-இல் எழுதிய எஃப் கலவையில் பாதி அது. அப்புறம் இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு அரை லிட்டர் என்று பழைய பாசிநீரை ஊற்றி, காற்றுக்குழாயை உள்ளே விட்டு, விளக்கடியில் வைக்கிறோம். குமிழியைப் பொடியாக்கும் காற்றுக்கல் மாட்டக் கூடாது, பெரிய குமிழி போதும். ஏழு முதல் பத்து நாளில் கரும்பச்சை. பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு, மிச்சத்தின் மேல் புது உப்புநீரும் உரமும் ஊற்றினால் மறுபடி வளர்கிறது.

ராத்திரி தயிரில் ஒரு கரண்டி மிச்சம் பிடித்து மறுநாள் பாலில் விடுவது இதேதான். அந்தக் கரண்டித் தயிருக்கு நம் வீட்டில் உறை. களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் உற. இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லாமல் புரியும். உறை பழசானால் தயிர் புளிக்கும். பாசிக்கும் வெளிறிய பழசை ஊற்றினால் வளர்ச்சி இழுக்கும். உறை போதாவிட்டால் வேறேதோ முந்திக்கொள்ளும், அதுவும் பொருந்துகிறது. "விதை" என்று சிலர் சொன்னார்கள். விதையை உலர்த்தி டப்பாவில் போட்டு மறந்துவிடலாம். உறையை மறக்க முடியாது. குளிர்பெட்டியில் வைத்தாலும் தினம் ஒருமுறை குலுக்க வேண்டும்.

கல்ச்சர் கிராஷ்? வளர்த்த பாசி திடீரென்று மொத்தமாகச் செத்துப்போவது. இதற்கு அண்ணன் "வளர்ப்பு வீழ்ச்சி" என்று எழுதியதைப் பார்த்து எனக்குப் பங்குச்சந்தை நினைவு வந்தது. போன மேட மாதத்தில் (சித்திரையில்) என் அறை வெயிலில் முப்பது பாகை தாண்டியபோது ஒரு பாட்டில் போனது. பச்சை மஞ்சளாகி, மறுநாள் மேலே தெளிந்த நீர், கீழே திட்டுத்திட்டாகக் கட்டி, மூக்கை வைக்க முடியாத நாற்றம். பால் திரிந்தது மாதிரியே இருந்தது. "பாசிநீர் திரிந்துவிட்டது, தொட்டியில் ஊற்றாதே" என்றால் விளக்கமே வேண்டாம். உங்கள் பக்கம் பால் பிரிஞ்ஞு என்பீர்கள், கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். ரோட்டிஃபர் என்ற பாசி தின்னும் நுண்விலங்கு வளரும் பாத்திரத்தில் விட்ட கையைக் கழுவாமல் இங்கே விட்டாலும் திரியும். அவை நுழைந்தால் மொத்தப் பச்சையையும் தின்றுவிடும். கோமாளி மீன் குஞ்சுக்கு ரோட்டிஃபர் தீனி, ரோட்டிஃபருக்குப் பாசிநீர் தீனி என்பதால் இரண்டையும் ஒரே மேசையில் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம்.

விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, கடல் அலங்கார மீன் வளர்ப்பில் வேலை செய்கிறது. கையேடு அச்சாவதற்கு முன் அண்ணன் ஒருமுறை அங்கே போய்வந்தால் நல்லது. அங்கே வேலை செய்பவர்கள் தங்களுக்குள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் காதில் வாங்கி வாருங்கள்.

---

கருங்கல் டீச்சரின் பதில், அன்று இரவு:

> திரிதல் அருமை தம்பி, எடுத்துக்கொள்கிறேன். கூடுதலாக ஒன்று: நீங்கள் சொன்ன கிரேக்கச் சொல்லும் 'திரிவது'தான். உயிரோடு இருந்தால் திரியும், செத்தாலும் திரியும்! உறையில் மட்டும் ஒரு நெருடல். உறைநிலை, உறைபனி என்று அறிவியலில் அது கெட்டியாவதற்குப் போய்விட்டது. உங்கள் பாட்டிலில் எதுவும் கெட்டியாகாதே.

டீச்சர், தயிர்க் கரண்டியைக் கையில் எடுக்கும் யாரும் பனிக்கட்டியை நினைப்பதில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டார். குளிர்பெட்டிக் கதவில் என் பாட்டில், மேலே என் கையெழுத்தில் "உறை", பக்கத்தில் அம்மாவின் தயிர்க் கிண்ணம். "இதில எதடா பாலுக்கு?" என்றார். நல்லவேளை, பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

தனியே "உறை" வேண்டாம். "பாசியுறை" என்றே போடுங்கள் அண்ணா.