வேக வாசிப்பு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்

கோவை வாசகி

ஆடிட்டர் ஆபீஸ் என்றால் நாள் முழுக்கக் கூட்டிக் கழிக்கிற இடம் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை படிப்பதுதான். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்கள், செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் என்று ஓடும் ஓட்டத்துக்கு நடுவே சுற்றறிக்கை, அறிவிக்கை, ஐகோர்ட் தீர்ப்பு, கிளையண்டுக்கு வந்த நோட்டீஸ் எல்லாம் வந்து குவியும். ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு கூட்டம் போட்டால் போதும், அடுத்த சில வாரங்களுக்குப் படித்து மாளாது.

அப்படி ஒரு செப்டம்பரில், எங்களிடம் ஆர்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்புக்கான பயிற்சி) செய்கிற தம்பி கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டினான். "அக்கா, இதுல போட்டுப் படிச்சா கண்ணே அசைக்க வேண்டாங்க. நிமிஷத்துக்கு ஐந்நூறு வார்த்தை ஓடிரும்."

திரையின் நடுவில் ஒரே ஒரு சொல் தெரியும். அது மறைந்து, அதே இடத்தில் அடுத்த சொல் வரும். ஒவ்வொரு சொல்லிலும் ஏறக்குறைய நடுவில் ஓர் எழுத்து சிவப்பாக இருக்கும். கண்ணை அதன் மேல் வைத்தால் போதும், மீதியைச் செயலி பார்த்துக்கொள்ளும். ரேபிட் சீரியல் விஷுவல் பிரசென்டேஷன், சுருக்கமாக ஆர்எஸ்விபி என்று சொல்கிறார்கள். மனோதத்துவ ஆய்வுக்கூடங்களில் 1970களிலிருந்தே இருக்கிற முறைதான். 2014இல் ஸ்பிரிட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தச் சிவப்பு எழுத்து உத்தியோடு அதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தபோது பெரிய பேச்சாக இருந்தது. அதைப் பார்த்து வந்த செயலிகள் ஏராளம். தம்பி காட்டியதும் அந்த வகைதான்.

இதற்கு அவர்கள் சொல்லும் நியாயம் கேட்க நன்றாகவே இருக்கிறது. படிக்கும்போது நம் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓர் இடத்தில் கால் விநாடி போல நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். அவ்வப்போது பின்னாலும் போகும். இந்தத் தாவலையும் பின்வாங்கலையும் எடுத்துவிட்டால் நேரம் மிச்சம் என்கிறார்கள்.

சரி, செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். நிமிடத்துக்கு 250 சொல் சுகமாக இருந்தது. அதில் ஆச்சரியமில்லை, பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் பிரைஸ்பார்ட் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2019இல் எழுதிய கட்டுரையில், கதையல்லாத ஆங்கில எழுத்தைப் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் 238 என்றுதான் வருகிறது. 350 வரைக்கும் சமாளிக்க முடிந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 500இல் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 120 மில்லி விநாடி. கண் சிமிட்டினால் ஒரு சொல் காலி, சில சமயம் இரண்டு. அந்தப் பயத்திலேயே சிமிட்டாமல் முறைத்துக்கொண்டு இருப்போம், கண் எரியும்.

அது பரவாயில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஜிஎஸ்டி சட்டத்தில் 16(5) என்று ஓர் உட்பிரிவை 2024இல் சேர்த்தார்கள். காலம் தவறி எடுத்த பழைய உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதை) இழக்க இருந்த எத்தனையோ சிறு வியாபாரிகளைக் காப்பாற்றியது அதுதான். மொத்தமும் ஒரே வாக்கியம். 'நாட்வித்ஸ்டாண்டிங்' (எது எப்படி இருந்தாலும்) என்று ஆரம்பித்து, இன்வாய்ஸ், டெபிட் நோட், 2017-18இலிருந்து 2020-21 வரை நான்கு நிதியாண்டுகள் எல்லாம் கடந்த பிறகுதான் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதே வரும். கடைசியில் 2021 நவம்பர் 30 என்ற கெடு. இதைத் தம்பியிடம் கொடுத்து 500இல் ஓடவிட்டுப் படிக்கச் சொன்னேன்.

"எந்தெந்த வருஷத்துக்குப்பா?"

"நாலு வருஷத்துக்குங்க அக்கா."

"அதான் எந்த நாலு?"

"2018-19லருந்துங்க..."

அன்றைக்கு எங்கள் மேசையில் இருந்த கோப்பே 2017-18 சம்பந்தப்பட்டது.

பையன் மந்தமில்லை, கெட்டிக்காரன். செயலி 'தி'க்கும் 120 மில்லி விநாடி கொடுக்கிறது, '2017-18'க்கும் அதே 120தான். காகிதத்தில் படிக்கும்போது 'ஆஃப்', 'தி' மாதிரிச் சொற்களை நம் கண் பெரும்பாலும் தானாகவே தாண்டிவிடும். வருஷத்தில் நிற்கும். வாக்கியத்தின் நடுவில் வினைச்சொல் வந்ததும் 'யாருக்கு?' என்று ஒருமுறை பின்னால் ஓடிப் பார்த்துவிட்டு வரும். இதையெல்லாம் வீண் என்று எடுத்துவிட்டால், நிலைய நடைமேடையில் நின்று நிற்காமல் போகும் ரயிலின் பெட்டி எண்களை வாசிப்பது போலாகிவிடுகிறது. எல்லாம் கண்ணில் பட்டிருக்கும், ஒன்றும் கையில் இருக்காது.

பிறகு தேடியதில், இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எலிசபெத் ஷாட்டர், கீத் ரேனர் குழுவினர் 2014இல், படித்து முடித்த சொல் உடனே மறைந்து எக்ஸ் எழுத்துகளாக மாறிவிடும்படி செய்தார்கள். திரும்பிப் பார்க்க வழியில்லாதபோது புரிதல் குறைந்தது. குழப்பமான வாக்கியத்தில் மட்டுமில்லை, சாதாரண வாக்கியத்திலும்தான்.

இத்தனைக்கும் செயலியை நான் அழிக்கவில்லை. சிங்காநல்லூரில் ஏறிச் சூலூர் வரை நின்றுகொண்டே வருகிற நாட்களில் இதைவிட நல்லது கிடையாது. ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் கைப்பேசி. பஸ் குலுங்கும்போது பொடி எழுத்தில் வரி தவறிப்போகும் தொல்லை இல்லை, விரலால் தள்ள வேண்டியதும் இல்லை. பெரிய எழுத்தில் ஒவ்வொரு சொல்லாக வந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத் துப்பறியும் கதை, செய்திக் கட்டுரை, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்ட நீளமான ஃபார்வர்டு இதெல்லாம் 300இல் வைத்து அழகாக ஓடும். ஒரு சொல் போனால் போகட்டும் என்று விடக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் முயன்றபோது வேறு கூத்து. சிவப்பு எழுத்துக்காகச் செயலி சொல்லைத் துண்டாக்குகிறது அல்லவா? 'கொடு' என்பதில் கொம்பும் காலும் தனியாகக் கழன்று, நடுவில் புள்ளிவட்டம் ஒன்று வந்து நின்றது. ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்ததால் வந்த வினை. அதைவிட வேடிக்கை, இடைவெளி. ஒரு பத்திரிகை 'சொல்லிக் கொண்டிருந்தார்' என்று பிரித்துப் போடும், இன்னொன்று சேர்த்துப் போடும். பிரித்தால் இரண்டு மின்னல், சேர்த்தால் ஒன்று. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' மாதிரி ஒன்று வந்தால் அதற்கும் அதே 120 மில்லி விநாடிதான்! 'கிடைக்குமா', 'கிடைக்காதா' என்பது சொல்லின் வாலில் ஒளிந்திருக்கிற மொழியில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று வேகத்தை அரைவாசிக்கும் கீழே இறக்கிவிட்டேன்.

ஆபீசில் உண்மையாகவே நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர் எங்கள் பெரிய சார்தான். எழுபதைத் தாண்டியவர். நாற்பது பக்க உத்தரவு வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். "கதையெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்மா. எவ்வளவு கேட்டிருக்கான், எந்த வருஷத்துக்கு, 73லயா 74லயா, என்னைக்குள்ள பதில் சொல்லணும், அதை முதல்ல பாரு." 73, 74 என்பவை 2023-24 வரையான வருஷங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் ஜிஎஸ்டி சட்டப்பிரிவுகள்; 74 என்றால் மோசடி என்கிற குற்றச்சாட்டு, அபராதமே வேறு கணக்கு, அது தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில் அர்த்தமில்லை. அதற்குப் பிறகு நடுப்பக்கங்களைப் புரட்டுவார். அதில் பெரும்பாலும் நோட்டீசை அப்படியே திருப்பி எழுதியிருப்பார்கள், நாம் கொடுத்த பதிலை ஒட்டியிருப்பார்கள், சட்டப்பிரிவைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்துப் போட்டிருப்பார்கள். 'நம் பதிலை ஏன் ஏற்கவில்லை' என்கிற பத்தி எங்கேயோ ஒளிந்திருக்கும். சார் அதில் மட்டும் பேனாவை வைத்து, உதட்டை அசைத்து, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி மெதுவாகப் படிப்பார். ரேனர் குழுவினர் 2016இல் எழுதிய நீண்ட கட்டுரையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: விஷயம் ஏற்கெனவே தெரிந்தவர் தேவையானதைத் தேடி மேலோட்டமாகப் பார்த்தால் பலன் உண்டு. வேகத்தையும் முழுப் புரிதலையும் சேர்த்து வாங்க முடியாது.

யாராவது வேறு முறை எதையாவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

மதுரை வங்கிக்காரன்

நான் காசு கட்டிப் படித்தவன். பதவி உயர்வுத் தேர்வு நேரம். ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைகளே ஒரு மூட்டை. கிளையில் மாலை ஏழு மணிக்கு முன் எழுந்திருக்க முடியாது. அப்போது ஒரு ஹோட்டல் ஹாலில் வார இறுதி வகுப்பு நடத்தினார்கள். பெயர் வேண்டாம்.

கண்ணை மூடச் சொன்னார்கள். தலையின் பின்பக்க உச்சியில் ஓர் ஆரஞ்சுப் பழம் மிதப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, எழுத்தைப் பார்க்காமல் பக்கத்தை மங்கலாகப் பார்த்தபடி, விநாடிக்கு ஒரு பக்கம் புரட்ட வேண்டும். மனதுக்குள் ஏதோ ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் எல்லாம் உள்ளே இறங்கியிருக்குமாம். வீட்டில் நான் இதைச் செய்வதைப் பார்த்த மனைவி, "ஏங்க, புத்தகத்துக்கு வேர்க்குதா, விசிறி விடுறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போய்ப் புரட்டினேன்.

இதன் மூலம் போட்டோரீடிங் என்ற அமெரிக்க முறை. நிமிடத்துக்கு 25,000 சொல் என்று விளம்பரம். நாசா பணம் கொடுத்து டேனியெல் மெக்நமாரா என்ற பெண் ஆய்வாளர் அதைச் சோதித்திருக்கிறார். அந்த முறையில் தேர்ந்தவரையே வைத்துப் பார்த்ததில், சாதாரணமாகப் படிப்பதைவிட நேரம் கூடியது, புரிதல் குறைந்தது. இதை வகுப்புக்குப் போகும் முன் யாரும் சொல்லவில்லை.

முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். புரட்டுவதற்கு முன் அவர்கள் ஒரு வேலை வைத்தார்கள்: இந்தப் புத்தகத்திலிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுத வேண்டும், பொருளடக்கத்தையும் தலைப்புகளையும் பார்த்துவிட வேண்டும். அது மட்டும் என்னோடு தங்கிவிட்டது. உங்கள் சார் செய்வதும் அதுதானே, அம்மணி? ஆரஞ்சுப் பழம் இல்லாமல்.

சிவகாசி மெய்ப்பு

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துகிறவன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும், அதிலிருந்து தை வரைக்கும் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. வேகமாகப் படிக்கிறவன் எங்கள் தொழிலுக்கு ஆகமாட்டான். வேகமாகப் படிக்கும்போது இருக்கவேண்டிய எழுத்தை மூளையே போட்டுக்கொள்ளும், தாளில் இல்லாவிட்டாலும்.

ஆனால் இந்த ஒற்றைச் சொல் செயலியை நான் தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். நிமிடத்துக்கு 60 சொல் என்று வைத்து ஓடவிடுவேன். முன்னும் பின்னும் எதுவும் தெரியாமல் சொல் தனியாக நிற்பதால், றகர ரகரப் பிழையும் விட்டுப்போன காலும் பளிச்சென்று தெரியும். பத்தியில் மூன்று பேர் பார்த்தும் தப்பிய 'திருமன அழைப்பு' இதில் சிக்கியது.

ஒற்றுப்பிழைக்கு மட்டும் இது உதவாது. 'அதைப் பார்த்தான்' என்பதில் அந்த 'ப்' வேண்டுமா இல்லையா என்று அடுத்த சொல்லைப் பார்த்தால்தானே தெரியும்? அடுத்த சொல் வரும்போது முந்தையது போய்விடுகிறது. அதற்குப் பழையபடி காகிதம், வரிக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை. நாள், ராகு காலக் கட்டங்களை நாங்கள் கீழிருந்து மேலாகப் படிப்போம். மேலிருந்து வந்தால் அடுத்து என்ன வரும் என்று வாய் தானே சொல்லிவிடும்.

செயலியில் எழுத்து உடையாமல் வர ஏதாவது வழி உண்டா? எனக்கும் அந்தப் புள்ளிவட்டம் வருகிறது.

கோவை வாசகி

உண்டு. அமைப்பில் போய்ச் சிவப்பு எழுத்தை அணைத்துவிடுங்கள். செயலி சொல்லைத் துண்டாக்காது, முழுதாக வரும். எழுத்துருவையும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். காற்புள்ளி, முற்றுப்புள்ளியில் கூடுதலாக நிற்கும்படி ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் நான் எதையும் படிப்பதில்லை.

உங்கள் 60 சொல் வித்தையை ஆடிட் ரிப்போர்ட்டில் போட்டுப் பார்த்தேன். கிளையண்ட் பெயரில் ஓர் எழுத்துப்பிழை அகப்பட்டது. தம்பிக்கு ஒரே சந்தோஷம், அவன் செயலிக்கு ஆபீசில் ஒரு வேலை கிடைத்துவிட்டதாம். நோட்டீசையும் அதிலேயே போடலாம் என்று ஆசைப்படுகிறான். ஆனால் பாதிப் பேர் நோட்டீசை மேசையில் வைத்துச் சாய்வாகப் போட்டோ எடுத்து, ஓரத்தில் கட்டைவிரல் தெரிய, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதைப் பெரிதாக்கிக் கண்ணைச் சுருக்கித்தான் படித்தாக வேண்டும்.