விண்வெளி விவசாய அட்டை ஆட்டம்: எல்லோரும் கேழ்வரகையே நடுகிறார்கள், என்ன செய்வது?

பாலக்கோடு டீச்சர்:
பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளுக்காக ஓர் அட்டை ஆட்டம் தயாரித்திருக்கிறேன். செவ்வாய்க்குப் போகும் கப்பலில் நான்கு பேர். அவர்கள் பசியாற எந்தப் பயிரை எந்தத் தட்டில் நடுவது என்பதுதான் ஆட்டம். ஒவ்வோர் அட்டையிலும் பயிரின் படம், எத்தனை நாள் பயிர், தண்ணீர்த் தேவை, நூறு கிராமுக்கு எத்தனை கலோரி ஆகியவை இருக்கும். கலோரி அதிகம் சேர்த்தவருக்கு வெற்றி.

என் வகுப்பில் பாதிப் பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். கேழ்வரகு அட்டையைக் கண்டால் போதும், அடிபிடிதான். அதில் 320 கலோரி, லெட்டூஸ் என்ற சாலட் கீரையில் வெறும் 15. லெட்டூஸைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். "டீச்சர், இதை எங்கள் வீட்டு ஆடு தின்னும்" என்றான் ஒருவன். ஆனால் நாசா வீரர்கள் விண்வெளி நிலையத்தில் வளர்த்து 2015 ஆகஸ்டில் சாப்பிட்டது அந்தச் சிவப்பு லெட்டூஸைத்தானே? அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஆட்டத்தில் தெரிய வேண்டும். அதற்காகக் கேழ்வரகைத் தோற்கடிக்கப் பொய்யாக ஒரு விதி எழுத எனக்கு மனமில்லை. யோசனை சொல்லுங்கள்.

தளி ரோஜா:
வணக்கம் டீச்சர். தளிப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறேன். உங்கள் அட்டையில் ஆள்கூலி இல்லையே! எங்களுக்குச் செலவில் பெரும்பங்கு அதுதான். கப்பலில் நான்கே பேர். கேழ்வரகை அறுத்தால் முடிந்ததா? காய வைக்க வேண்டும், கசக்கி மணியைப் பிரிக்க வேண்டும், தூற்ற வேண்டும். எடை இல்லாத இடத்தில் எப்படித் தூற்றுவது? மணி கீழே விழாது, உமியும் மணியும் சேர்ந்தே மிதக்கும். அந்தத் தூசி கண்ணிலும் மூக்கிலும் போகும், காற்று வடிகட்டியையும் அடைக்கும். பிறகு திரிக்க வேண்டும், அப்புறம் களி கிண்ட வேண்டும். மிதக்கிற பானையில் துடுப்புப் போடுபவரை நான் பார்க்க வேண்டும்! லெட்டூஸ் என்றால் வெட்டி, துடைத்து, அப்படியே தின்னலாம்.

தண்ணீரும் வேறு விதம். என் சொட்டுநீர்க் குழாயில் விழும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அங்கே அது வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும். வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் செடி அழுகும். அதனால்தான் சுட்ட களிமண் துகள் நிரப்பிய சிறு பைகளில் திரி வைத்து வளர்க்கிறார்கள். வெயிலுக்குப் பதில் விளக்கு, அதற்கு மின்சாரம். ஆள்நேரம், மின்சாரம் இரண்டையும் அட்டையில் போடுங்கள்.

கிருஷ்ணகிரி ஓய்வு வேளாண் அலுவலர்:
ரோஜாக்காரர் சொல்வது சரி. ஆனால் வெற்றிக்குக் கலோரியை அளவாக வைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. கலோரி பொட்டலத்தில் வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்த உணவில் வைட்டமின் சி, பி1 போன்றவை குறைந்துகொண்டே போகும். புதிதாகப் பறித்த இலை அந்தக் குறையைத்தான் நிரப்புகிறது. பயணத்துக்கு ஓர் ஆட்டம், நிலவில் நிரந்தரக் குடியிருப்புக்கு ஓர் ஆட்டம் என்று பிரியுங்கள். முதலாவதில் கீரை ஜெயிக்கும். இரண்டாவதில் தானியமும் பயறும் இல்லாமல் தீராது.

அந்த இரண்டாவது ஆட்டத்திலும் கேழ்வரகுக்கு ஒரு குறை உண்டு. கப்பல், குடியிருப்பு போன்ற மூடிய இடத்துக் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். கோதுமை, நெல், பயறு வகைகள் அதை வைத்துக்கொண்டு கூடுதலாக விளையும். கேழ்வரகு சி4 பயிர், அதாவது கரியமில வாயுவை இலைக்குள்ளேயே திரட்டிக்கொள்ளும் வகை. குறைந்த வாயுவிலேயே வேலையை முடித்துவிடும், கூடுதலாகக் கொடுத்தாலும் பெரிய லாபம் இல்லை. நம் மானாவாரிக் காட்டில் வெயிலைத் தாங்கவைக்கிற அந்தக் குணம் அங்கே உதவாது. ஆனால் நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. எடையில்லா நிலையில் உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதம் ஒரு விழுக்காடு அளவில் குறைகிறது. அதனால் சுண்ணாம்புச்சத்துக்குத் தனிப் புள்ளி கொடுங்கள்.

காராமணி அட்டை இருக்கிறதா? 2024 டிசம்பர் 30 அன்று பிஎஸ்எல்வி சி60 ராக்கெட் ஏவப்பட்டபோது இஸ்ரோ எட்டு காராமணி விதைகளை அனுப்பியது. நான்கே நாளில் முளைத்து, பிறகு இலையும் விட்டன. இலை, காய், பயறு மூன்றையும் தின்னலாம்.

கம்பைநல்லூர் தம்பி:
மிளகாயை விட்டுவிடாதீர்கள் டீச்சர். 2021இல் நிலையத்தில் மிளகாய் காய்த்து, வீரர்கள் சாப்பிட்டார்கள். முதல் அறுப்புக்கே மூன்றரை மாதம் ஆனது. அங்கே தலைப்பக்கம் நீர் ஏறி மூக்கடைத்த மாதிரி இருப்பதால் சாப்பாட்டில் சுவை தெரியவில்லை என்று பல வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள், காரம் கேட்கும்தானே. தேனீ இல்லாததால் மகரந்தம் சேர விசிறியை ஓடவிட வேண்டும். "விசிறி பழுது" என்று ஓர் அட்டை போட்டால் ஆட்டம் சூடு பிடிக்கும்.

பாலக்கோடு டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. ஆள்நேரத்துக்குப் புளியங்கொட்டை, ஓர் ஆளுக்கு ஒரு சுற்றில் ஐந்து. கேழ்வரகு நடுபவர் தூற்றுவதற்கு மட்டுமே மூன்றைக் கீழே வைக்க வேண்டும். நேற்று ஆடிப் பார்த்தோம். ஆட்டுக்கார மாணவன்தான் முதலில் லெட்டூஸுக்குத் தாவினான். ஒரு பெண் மட்டும் விடாமல், உமியை உறிஞ்சும் இயந்திரம் என்று தானே ஓர் அட்டை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு எத்தனை மின்சாரப் புள்ளி என்று வகுப்பில் இன்னும் வழக்கு நடக்கிறது. மின்சாரம் எல்லா அட்டையிலும் ஏறிவிட்டது. விசிறி அட்டையும் உண்டு, தம்பி.

ஐயா, லெட்டூஸோடு அரைக்கீரையையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அது எத்தனை நாளில் அறுப்புக்கு வரும்?

கிருஷ்ணகிரி ஓய்வு வேளாண் அலுவலர்:
விதைத்து ஒரு மாதத்துக்குள் முதல் அறுப்பு. அடியோடு பிடுங்காமல் மேலே கிள்ளினால் மறுபடி தழைக்கும். நிலையத்திலும் சில கீரைகளை அப்படித்தான் திரும்பத் திரும்ப அறுத்தார்கள். ஆனால் அதுவும் சி4தான். ரோஜாக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள், அதற்கும் கூலி கேட்பார்.