புதுப்பிப்பு: விமானந்தாங்கிக் கப்பல்கள் வழியே ஆங்கிலச் சொற்கள்

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் மாதம் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே பசிபிக் கடலில் நடந்த மிட்வே சமரைப் பற்றி ஆங்கிலத்தில் வாசித்தபடியே புதிய சொற்களைச் சேர்த்து வருவதாக முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. 'யார்க்டவுன் லிஸ்டெட் டு போர்ட்' என்ற தொடருக்கு, யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்று பொருள் கூறியிருந்தேன். கடல் வழக்கில் 'லிஸ்ட்' என்பது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்வதையும், 'போர்ட்' என்பது முன்னோக்கி நிற்பவரின் இடப்புறத்தையும் குறிக்கும். ஜூன் 4 அன்று ஹிர்யூ என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த விமானங்களின் டார்பிடோக்கள் (நீருக்கடியில் பாயும் குண்டுகள்) தாக்கியதால் அக்கப்பல் அவ்வாறு சாய்ந்தது; பட்டியல் எதுவும் அங்கே இல்லை. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

அதே கப்பலே 'சால்வேஜ்' என்ற சொல்லையும் கற்பித்தது. கைவிடப்பட்ட கப்பலைக் காப்பாற்ற ஜூன் 6 அன்று ஒரு குழு மீண்டும் ஏறிப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்க, மறுநாள் காலை அது மூழ்கியது. சேதத்திலிருந்து எஞ்சியதை மீட்கும் முயற்சியே 'சால்வேஜ்'. அது வெற்றி பெற வேண்டும் என்பதில்லை.

'ஸ்கட்டில்' என்பது தம் கப்பலைத் தாமே மூழ்கடிப்பது. தீப்பற்றி எரிந்த அகாகி என்ற தம் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களே டார்பிடோ வீசி மூழ்கடித்தன. ஓர் ஒப்பந்தத்தை வேண்டுமென்றே கெடுப்பதற்கும் செய்தித்தாள்கள் இச்சொல்லையே ஆள்கின்றன.

'ஐலண்டு' என்றால் இங்கே தீவு அன்று, ஓடுதளத்தின் ஓரத்தில் எழும் கட்டளைக் கோபுரம். அது பெரும்பாலும் வலப்புறம் இருக்கும். அகாகியிலும் ஹிர்யூவிலும் மட்டும் இடப்புறம் இருந்தது.