புதுப்பிப்பு: சிசிஎன்ஏ எழுதலாமா என்று கேட்டிருந்தேனே

ஏழு மாதத்துக்கு முன்பு கேட்டது இதுதான்: அம்பத்தூரில் எட்டு வருடம் கணக்கு எழுதியவன், கணினி நெட்வொர்க் வேலைக்கு மாற 300 டாலர் கட்டி சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) எழுதுவது வீண்செலவா?

எழுதினேன், தேறிவிட்டேன். ஆனால் முதல் நான்கு இண்டர்வியூவில் "அனுபவம் இருக்கா?" என்பதோடு சரி. ஐந்தாவது கிண்டியில். இண்டர்வியூ எடுத்தவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "192.168.10.0, ஸ்லாஷ் 26. எத்தனை கணினிக்கு முகவரி தரலாம்?" என்றார். ஸ்லாஷ் 26 என்றால் மொத்தம் 64 முகவரி; கணினிக்குத் தர முடியாத முதலும் கடைசியும் போக 62 என்று எழுதினேன். அப்புறம் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் ஒன்றை மேசையில் வைத்து, இரண்டு விலேனாக, அதாவது ஒரே சுவிட்சுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கச் சொன்னார். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சுவிட்சில் இரவெல்லாம் செய்து பார்த்த வேலை அது. கை தானாக ஓடியது.

வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் பழையதைவிடக் குறைவு, இரவு ஷிஃப்ட் வேறு. அம்மாவுக்கு வருத்தம்தான், எனக்கு இல்லை.

எதை, எந்த வரிசையில் படிப்பது என்று காட்டியது சிசிஎன்ஏ பாடத்திட்டம்தான். அதற்காகவே கட்டிய பணம் தகும். ஆனால் "100% வேலை உறுதி" என்கிற பயிற்சி மையத்தில் சேராதீர்கள்; நான் 40,000 ரூபாய் இழந்தேன். கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம் என்று அன்றைக்குச் சொன்ன அக்காவுக்கு ரொம்ப நன்றி.