சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்குச் சிறுதேன் தடவலாமா?

கேள்வி: களியக்காவிளை வாசகி
என் மாமனாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. குதிகாலில் வந்த புண் ஆறவில்லை என்று கேள்விப்பட்டு, பாறசாலையிலிருந்து வந்த உறவினர் ஒரு குப்பி சிறுதேனை (கொட்டாத சிறு தேனீக்கள் சேர்க்கும் தேன்) கொடுத்து, இதைத் தடவினால் போதும், மருத்துவமனைக்கு அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீதியை என் நான்கு மாதக் குழந்தையின் நாவில் தொட்டு வைக்கலாம் என்கிறார் மாமியார். தேன் ஆதிகாலம் தொட்டே மருந்துதானே என்று அவர்கள் கேட்கும்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுமொழி: மருந்தாளுநர், நெய்யாற்றின்கரை
அவர்கள் சொல்வதில் பாதி சரி. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் எட்வின் சிமித் சுவடி, காயத்தில் கொழுப்பும் தேனும் நூலிழையும் வைத்துக் கட்டச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை தேனையும் நெய்யையும் புண்ணுக்கு இடுகிறது. திரிகடுகுச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகள் அறிந்ததே. அடர்ந்த சர்க்கரை கிருமியின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதும், அமிலத்தன்மை அதை வளரவிடாததும், தேனீயின் நொதி புண்ணின் நீரோடு சேர்ந்து சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதும் இதற்குக் காரணங்கள். ஆனால் புண்ணுக்கென்று தயாரிக்கப்படும் மருத்துவத் தேன் காமாக் கதிர்களால் கிருமி நீக்கப்படுகிறது. அப்படியிருந்தும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தோலின் முழு ஆழத்துக்குப் போகாத தீப்புண் தேன்கட்டில் 4, 5 நாள் முன்னதாக ஆறுவதை ஒப்புக்கொண்டதே தவிர, சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு அவ்வாறு உறுதி கூறவில்லை.

மறுமொழி: தேன்பெட்டி வைத்திருப்பவன், அருமனை
மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். அதற்காக அதைப் புண்ணில் ஊற்றச் சொல்ல மாட்டேன். எங்கள் பெட்டிகளில் சேர்வது பெரும்பாலும் ரப்பர் மரம் தளிர்விடும் தை முதல் பங்குனி வரை இலைக்காம்பின் சுரப்பிகளிலிருந்து வருவது. சிறுதேனில் அதைவிட நீர் மிகுதி. சீக்கிரம் நுரைத்துப் புளிப்பதும் அதனால்தான். மருந்தாளுநர் ஐயா சொன்ன ஈரம் உறிஞ்சும் வலு, நீர் கூடக்கூடக் குறையுமே! கிடைப்பது அரிது, விலையும் அதிகம் என்பதற்காக வீரியமும் அதிகம் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம்.

மறுமொழி: செவிலியர், திருவனந்தபுரம்
சகோதரி, முதலில் குழந்தை. ஒரு வயது நிறையும்வரை ஒரு துளியும் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் நுண்ணுயிரியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கலும் அழுகை மெலிவதும் தொடங்கி, உடல் துவண்டு மூச்சே தடைபடலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அவ்வித்துகள் சாவதில்லை.

மாமனாருக்குக் காலில் உணர்ச்சி மரத்திருந்தால் புண் ஆழமாவது வலியால் தெரியாது. ஆகவே தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை குதிகாலை ஊன்ற விடாதீர்கள். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேனைக் குடித்தால் அவருக்குச் சர்க்கரை ஏறும் என்பதையும் உறவினரிடம் சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரை நோய் இல்லாத பெரியவர்கள் இருமலுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளலாம். 2019இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைசு (NICE) அமைப்பும் சளி இருமலுக்குத் தேனைப் பரிந்துரைத்தது.